மூக்கில் பாலிப், குளியலறையில் கேஸ் ஹீட்டர்: கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. மூக்கின் இரண்டு பக்கமும் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் எண்டோஸ்கோபி அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது மீண்டும் வளர்ந்துவிட்டது. வாசனை அறவே தெரிவதில்லை. காலையில் குளித்து முடித்ததும் பல நாட்கள் தலைவலி வருகிறது. சைனஸ்தான் காரணம் என்று நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். பாலிப் திசுவில் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது என்று அண்மையில் படித்தேன். எங்கள் குளியலறையில் உடனடி வெந்நீர் தரும் கேஸ் ஹீட்டர் இருக்கிறது. அதிலிருந்து வரும் வாயுதான் பாலிப்பை வளர்க்கிறதா? அதை எடுத்துவிட்டால் குணமாகுமா? பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது, அப்படியென்றால் பயமில்லையா? 'ஹீம் ஆக்சிஜனேஸ்' நொதியைக் கூட்டும் மாத்திரைகள் என்று விற்கிறார்களே, அவை உதவுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. பாலிப் வளர்வதற்கு அந்த ஹீட்டர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் குளித்தபின் வரும் அந்தத் தலைவலிக்கு அது காரணமாக இருக்கலாம். இதை இந்த வாரமே சரிபார்க்க வேண்டும். அதுவரை ஹீட்டரை அணைத்து வையுங்கள். வெந்நீரை வேறு வழியில் கொண்டுவந்து குளியுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

முதலில் நீங்கள் படித்த செய்தி. அதில் பொய் இல்லை. நம் உடல் தானாகவே கார்பன் மோனாக்சைடைத் தயாரிக்கிறது. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள 'ஹீம்' என்ற பகுதியை ஹீம் ஆக்சிஜனேஸ் நொதி உடைக்கிறது. அப்போது பிலிவர்டின், இரும்பு, கார்பன் மோனாக்சைடு ஆகிய மூன்றும் வெளிவருகின்றன. உடல் முழுவதும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 0.4 மி.லி. உருவாகிறது. புகைபிடிக்காத, எந்தப் புகைக்கும் அருகில் போகாத ஒருவரின் இரத்தத்திலும் ஒரு சதவீதத்தை ஒட்டிய அளவில் ஹீமோகுளோபின் இந்த வாயுவுடன் பிணைந்திருப்பது இதனால்தான். மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் இந்த வாயு அங்கேயே உருவாகிறது என்பது 2000ஆம் ஆண்டை ஒட்டியே தெரிந்துவிட்ட விஷயம்.

இந்த நொதி முக்கியமாக இரண்டு வகை. இரண்டாம் வகை எப்போதும் ஓரளவு இயங்கிக்கொண்டிருக்கும். முதலாம் வகை, அதாவது ஹெச்.ஓ-1, திசு பாதிக்கப்படும்போது கூடும். அழற்சி, ஆக்சிஜனேற்ற அழுத்தம், நுண்கசிவாக இரத்தம் வெளியேறி மேக்ரோஃபேஜ் எனப்படும் துப்புரவுச் செல்கள் அதை விழுங்குவது ஆகிய எல்லாமே அதைத் தூண்டும். பாலிப் என்பதே நாள்பட்ட அழற்சி. ஆகவே அந்தத் திசுவில் ஹெச்.ஓ-1 காணப்படுவதில் வியப்பில்லை. எல்லா பாலிப்பிலும் அது ஒரே அளவில் இருப்பதுமில்லை. ஈசினோஃபில் (ஒவ்வாமை போன்ற அழற்சியில் கூடும் ஒரு வகை வெள்ளணு) மிகுந்த வகைக்கும் மற்ற வகைக்கும் வேறுபாடு உண்டு. விலங்குச் சோதனைகளில் இந்த நொதியும் அது தரும் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் பெரும்பாலும் அழற்சியைத் தணிக்கும் பக்கமே நிற்கின்றன. பாலிப்புக்குள் இந்த வாயு உருவாவதை, தன்னைக் காத்துக்கொள்ளத் திசு எடுக்கும் முயற்சி என்று பார்ப்பதே பொருந்தும். அது நோயின் விளைவு. அதையே நோயின் வேராகக் கொள்ள இன்றுவரை ஆதாரம் இல்லை.

இந்த வாயு இரத்தக் குழாயை விரிக்குமே, அதனால் வீக்கம் வராதா என்று கேட்கலாம். விரிக்கும். குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டி, நைட்ரிக் ஆக்சைடு செய்யும் அதே வேலையை அதைவிடப் பல மடங்கு பலவீனமாகச் செய்யும். ஆனால் குழாய் விரிவதால் வருவது மூக்கடைப்பு. மூக்கின் பக்கச் சுவரிலுள்ள டர்பினேட் என்ற மடிப்பு தடித்து, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பாலிப் அப்படி உருவாவதில்லை. மேற்புறச் செல்களின் அரண் பழுதாகி, அங்கிருந்து கிளம்பும் எச்சரிக்கைப் புரதங்கள் இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகிய அழற்சிச் செய்திப் புரதங்களைக் கூட்டுகின்றன. ஈசினோஃபில்கள் குவிகின்றன. இரத்தக் குழாயிலிருந்து கசியும் பிளாஸ்மா ஃபைப்ரின் வலையாக உறைந்து, கரையாமல் தங்கிவிடுகிறது. அந்த நீர் கோத்த திசுதான் பளபளவென்று தொங்கும் பாலிப். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் நச்சுகள் பலரிடம் இதைத் தூண்டிவிடுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் வளர்வதற்கும் இதுவே காரணம். கத்தி சதையை எடுக்கும், இந்தத் தொடர்வினையை நிறுத்தாது.

வெளியிலிருந்து சுவாசிக்கும் கார்பன் மோனாக்சைடின் கதை வேறு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, மூக்கை எரிக்காது, தும்மல் வரவழைக்காது. சளிச்சவ்வில் தங்காமல் நுரையீரலுக்குப் போய் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமான பிடி அது. அது பழுதாக்குவது மூளையையும் இதயத்தையும். மூக்குச் சதையை வளர்க்க அதற்கு வழி தெரியவில்லை.

புகை என்று எடுத்துக்கொண்டால் பேச்சு மாறுகிறது. விறகு அடுப்பு உள்ள வீடுகளில் வாழ்ந்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வு, விறகுப் புகைக்கும் பாலிப்புக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டது. தொடர்பு காண்பதும் காரணத்தை நிறுவுவதும் ஒன்றல்ல, இருந்தாலும் புறக்கணிக்கத்தக்கதும் அல்ல. விறகுப் புகையில் நுண்துகள், அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு என்று சளிச்சவ்வின் நுண்மயிர்களை முடக்கும் பொருட்கள் ஏராளம். கார்பன் மோனாக்சைடும் அந்தக் கூட்டத்தில் ஒன்று, அளக்க எளிதானது. ஓர் அறையில் அதன் அளவு கூடினால் எரிதல் ஒழுங்காக நடக்கவில்லை, மற்றவையும் சேர்ந்து வருகின்றன என்று பொருள். பாலிப் உள்ளவரை நான் புகையிலிருந்து விலகச் சொல்வது இதற்காகத்தான். சிகரெட்டும் இதில் அடக்கம். அறுவைக்குப் பின் புண் ஆறுவதையும் அது கெடுக்கும்.

இனி உங்கள் தலைவலி. பாலிப் பொதுவாகக் கடுமையான தலைவலியைத் தருவதில்லை. முகத்தில் கனம், கண்களுக்கு நடுவே அழுத்தம், மூக்கடைப்பு, மணமின்மை இவையே அதன் இயல்பு. குளித்து முடித்ததும் வலி என்கிறீர்களே, அந்த நேரக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. மூடிய சிறிய குளியலறையில் கேஸ் பர்னர் எரியும்போது அறையின் ஆக்சிஜன் வேகமாகக் குறைகிறது. குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு பெருகுகிறது. பர்னர் துளைகளில் தூசியோ துருவோ அடைத்திருந்தாலும், புகைபோக்கிக் குழாய் இல்லாவிட்டாலும், இருந்தும் பறவைக்கூடோ ஒட்டடையோ அடைத்திருந்தாலும் இதே நிலைதான். எக்ஸாஸ்ட் மின்விசிறி போட்டிருக்கிறேன், போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். கதவும் சன்னலும் அடைத்திருக்க மின்விசிறி மட்டும் காற்றை வெளியே இழுத்தால், புகைபோக்கியில் மேலே போக வேண்டிய புகை திரும்பி அறைக்குள் இறங்கவும் கூடும்.

காற்றில் 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு வாயு) இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 800 பிபிஎம் இருந்தால் முக்கால் மணிக்குள் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணிக்குள் மயக்கமும் வரலாம். அளவு இன்னும் ஏறினால் கணக்கு நிமிடங்களில்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கன மீட்டரில் 35 மி.கி., அதாவது ஏறக்குறைய 30 பிபிஎம். எட்டு மணி நேரத்துக்கு 10 மி.கி., ஏறக்குறைய 9 பிபிஎம்.

உங்களையே சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். வெளியூர் போய்த் தங்கும் நாட்களில் இந்த வலி வராமல் இருக்கிறதா? வீட்டில் உங்களுக்குப் பின் குளிப்பவர்களுக்கும் தலை கனக்கிறதா? வலியோடு குமட்டலோ, கால் தளர்வோ, படபடப்போ உண்டா? திறந்த வெளிக்கு வந்து சிறிது நேரத்தில் தெளிகிறதா? ஹீட்டரின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடுகிறதா, மூடியைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா? ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் சைனஸ் என்ற எண்ணத்தை ஒத்தி வையுங்கள். எதற்குமே 'ஆம்' இல்லையென்றாலும் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் மீண்டும் எரிக்க வேண்டாம். நீலச் சுடரும் முழு உத்தரவாதம் அல்ல. எழும்போதே வலி இருக்கும் நாட்களும் உண்டா என்று கவனியுங்கள். அப்படியானால் மூக்கடைப்போடு வரும் குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆக்ஸிமீட்டரின் 98ஐ நம்பி உட்காராதீர்கள். விரலில் மாட்டும் சாதாரணக் கருவி இரண்டு அலைநீள ஒளியைக் கொண்டு கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின் அதன் கண்ணுக்கு ஆக்சிஜன் பிடித்ததைப் போலவே தெரிகிறது. நச்சேறி மயங்கிக் கிடப்பவருக்கும் அது 98 காட்டும். தேவையான சோதனை கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு பிடித்த ஹீமோகுளோபினின் அளவு. இரத்த வாயுக்களை அளக்கும் கருவியில் கோ-ஆக்ஸிமெட்ரி வசதி இருந்தால் சில நிமிடங்களில் கிடைக்கும். தமனியில் குத்த வேண்டியதில்லை, சிரை இரத்தமே போதும். புகைபிடிக்காதவருக்கு 2, 3 சதவீதத்தைத் தாண்டினாலும், புகைபிடிப்பவருக்கு 10 சதவீதத்தைத் தாண்டினாலும் வெளியிலிருந்து வாயு ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இதில் பலர் தவறுவது நேரத்தில். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இந்த அளவு நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை ஏழு மணிக்கு வலி வந்து, மாலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுத்தால் அறிக்கை இயல்பாகவே இருக்கும், அதை வைத்து 'ஹீட்டரில் கோளாறில்லை' என்று தீர்மானித்துவிடுவார்கள். இதற்காக வேண்டுமென்றே ஹீட்டரை எரித்துப் பார்க்கவும் கூடாது. அணைத்து வைத்தபின் இரண்டு வாரம் தலைவலி வருகிறதா என்று குறித்து வைப்பதே உங்களுக்குப் பாதுகாப்பான சோதனை. யாராவது குளியலறையில் மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து அவசர உதவியை அழையுங்கள். மருத்துவமனையில் முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் பாதியாகும் நேரம் 60 முதல் 90 நிமிடமாகக் குறையும். உள்ளே ஓடுபவர் மூச்சை அடக்கிக்கொண்டு கதவு, சன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியேற வேண்டும். மீட்கப் போனவரும் விழுவது அடிக்கடி நடக்கிறது.

உங்களுக்கு மணம் தெரியாது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கார்பன் மோனாக்சைடு யாருக்குமே மணக்காது, சரி. ஆனால் மற்றவர்கள் அரைகுறையாக எரியும் கருவியின் கருகல் நெடியை வைத்து எச்சரிக்கை ஆவார்கள், கேஸ் கசிந்தால் அதில் கலந்திருக்கும் கந்தக நாற்றத்தை உணர்வார்கள். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே பாலிப்பால் மணமிழந்தவர் வீட்டில் இரண்டு எச்சரிக்கைக் கருவிகள் தேவை. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. கார்பன் மோனாக்சைடு ஏறக்குறையக் காற்றின் எடையே உள்ளது, அறை முழுவதும் கலந்துவிடும். ஆகவே அதற்கான கருவியைப் படுக்கையறையில் மூச்சு விடும் உயரத்தில் வைக்கலாம். எரியும் கருவி உள்ள அறையில் அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி, சன்னலோரமோ திரைக்குப் பின்னாலோ இல்லாமல் மாட்ட வேண்டும். நீராவி சென்சாரைக் கெடுக்குமென்பதால் குளியலறைக்குள் வேண்டாம், கதவுக்கு வெளியே போதும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதன் கசிவுக் கருவி தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். குழாயில் வரும் மீத்தேன் வகை என்றால் மேல்தளத்தை ஒட்டி.

வாங்கும்போது ஐரோப்பிய இ.என். 50291 அல்லது அமெரிக்க யூ.எல். 2034 தரக் குறியைப் பாருங்கள். ஐரோப்பியத் தரத்தின்படி 50 பிபிஎம் இருந்தால் 60 முதல் 90 நிமிடத்திலும், 100 பிபிஎம் இருந்தால் 10 முதல் 40 நிமிடத்திலும், 300 பிபிஎம் இருந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் அலற வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிப்பானும் மின்சுற்றும் சரியா என்பதே தெரியும், சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியாது. பின்புறம் அச்சிட்ட காலாவதி ஆண்டில் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் அது ஐந்திலிருந்து பத்து ஆண்டு. பெயிண்ட் கரைப்பான், ஆல்கஹால் ஆவி, இன்வெர்ட்டர் மின்கலம் சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஆகியவை பொய்யாக அலறவைக்கும். ஆனாலும் அலறினால் முதலில் வெளியேறிவிட்டு அப்புறம் காரணம் தேடுங்கள்.

வலி மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை. பாலிப் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்துமாவும், ஆஸ்பிரின் வகை மருந்துகள் ஒவ்வாமையும் சேர்ந்தே இருக்கும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதை விழுங்கினாலும் அரை மணியிலிருந்து மூன்று மணிக்குள் மூக்கு அடைத்துக்கொண்டு ஒழுகும், முகம் சிவக்கும், மூச்சு இரையும். சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். நீங்கள் எந்த மாத்திரை போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. மேற்சொன்னது எப்போதாவது நடந்திருந்தால் அந்த வகையை அறவே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். பாரசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரே வேளையில் 1000 மி.கி. போட்டால் இவர்களில் சிலருக்கு அதுவும் தொல்லை தரும். இந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குத்தான் பாலிப் விடாப்பிடியாகத் திரும்ப வளர்கிறது என்பதால், உங்கள் சிகிச்சைத் திட்டமே இந்த விடையைப் பொறுத்து மாறலாம்.

ஹெச்.ஓ-1ஐக் கூட்டும் மாத்திரைகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. குர்குமின் போன்றவை ஆய்வகச் செல்களில் அந்த நொதியைத் தூண்டுகின்றன. அவற்றை விழுங்கிப் பாலிப் சுருங்கியதாக நம்பத்தக்க மருத்துவச் சோதனை இல்லை. பணத்தைக் கையில் வையுங்கள்.

பாலிப்புக்குப் பயன்படுவது சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது, அதைப் பாதி பேர் தவறாகச் செய்கிறார்கள். நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள். 240 மி.லி. நீருக்கு அயோடின் சேர்க்காத தூள் உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது இரண்டு கிராமுக்குச் சற்று மேல், கூடவே ஒரு சிட்டிகை சமையல் சோடா. நீர் கட்டாயமாக ஒரு நிமிடம் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வசிப்பவர் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குழாய் நீரை அப்படியே ஏற்றினால் நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகக்கூடும். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. கழுவும் குப்பியைத் தினமும் சுத்தம் செய்து உலர்த்துங்கள்.

கழுவி 15, 20 நிமிடம் கழித்து ஸ்டீராய்டு ஸ்பிரே. முதலில் கழுவாமல் அடித்தால் மருந்து சளியின் மேல் படிந்து வழிந்துவிடும், ஸ்பிரே அடித்த கையோடு கழுவினால் மருந்தே போய்விடும். தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வலது மூக்குக்கு இடது கையையும் இடது மூக்குக்கு வலது கையையும் பயன்படுத்தி, முனையைக் கண்ணின் வெளி ஓரம் நோக்கிப் பிடியுங்கள். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் இரத்தம் கசியும். பலமாக உறிஞ்ச வேண்டாம், உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். மோமெட்டாசோன் என்றால் ஒவ்வாமைக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் போதும், பாலிப்புக்கு மருத்துவர் 400 வரை எழுதுவது வழக்கம். பலன் தெரிய ஒன்றிலிருந்து இரண்டு மாதமாகும். பத்து நாளில் நிறுத்திவிட்டு 'கேட்கவில்லை' என்று சொல்வதே அதிகம். அறுவை செய்து திறந்த சைனஸ்களுக்கு ஸ்பிரேயைவிட, கழுவும் உப்பு நீரிலேயே புடசோனைடு என்ற ஸ்டீராய்டை 0.5 முதல் 1 மி.கி. கலப்பது ஆழமாகப் போய்ச் சேரும். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். அடைப்பை உடனே திறக்கும் ஆக்சிமெட்டாசோலின் போன்ற சொட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் நீட்டினால் அவையே அடைப்பை உண்டாக்கும்.

ஸ்டீராய்டு மாத்திரை மணத்தை ஒரு வாரத்தில் திருப்பித் தரும், அந்த மகிழ்ச்சியில் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றும். ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சுற்று என்பதே எல்லை. அதற்கு மேல் தேவைப்படுகிறதென்றால் அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் உயிரியல் ஊசிகளைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். டுபிலுமாப் 2019 முதல் பாலிப்புக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறது. ஒமாலிசுமாப், மெபோலிசுமாப் அதன்பின் வந்தன. இரு பக்கப் பாலிப் அறுவைக்குப் பின் திரும்பியவருக்கு, கீழ்க்கண்டவற்றில் குறைந்தது மூன்று பொருந்தினால் இவற்றை யோசிப்பார்கள்: இரத்தத்தில் ஈசினோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 150ஐத் தொடுவது அல்லது ஒவ்வாமை எதிர்ப்புரதமான ஐ.ஜி.இ. மொத்தம் 100ஐ எட்டுவது, ஆண்டில் இரண்டு சுற்று ஸ்டீராய்டு, கணிசமான மண இழப்பு, ஆஸ்துமா, அன்றாட வாழ்வே பாதிக்கப்படுவது. ஆகவே அடுத்த முறை போகும்போது ஈசினோஃபில் எண்ணிக்கையும் ஐ.ஜி.இ.யும் எடுத்துக்கொண்டு, பழைய அறுவையின் பயாப்சி அறிக்கையையும் சி.டி. ஸ்கேனையும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ஈசினோஃபில் பொய்யாகக் குறைந்து காட்டும், அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் சதை பெருகுவது, அடிக்கடி இரத்தம் வடிவது, கண் வீங்குவது அல்லது பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு மூக்குத் துளையிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது ஆகிய எதுவும் சாதாரணப் பாலிப்பின் போக்கு அல்ல. இவற்றில் ஒன்று தோன்றினாலும் குறித்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.